நீ ஓட்டாத விமானம்

தம்பி, நேற்று நான் பாப்பாரப்பட்டிக்குப் போய், உனக்கு நிச்சயம் செய்திருக்கும் ரெஜினாவின் வீட்டில் நின்று, நீ விமானம் ஓட்டுகிறவன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய், எனக்காக. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அது நடக்குமா நடக்காதா என்று இப்போது எனக்குத் தெரியாது. போனில் சொல்லிவிடுங்கள் என்றாள் உன் அம்மா. போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் கேலி பேசி நழுவிவிடுவேன், ஆறு வருடமாக அப்படித்தான் நழுவிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் நழுவ முடியாது. முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே. கடைசிவரை படித்துவிட்டு, அதற்கப்புறம் யாருக்குச் செய்ய வேண்டுமோ அவர்களுக்குச் செய்.

எல்லாம் அந்தப் படத்திலிருந்து தொடங்கியது. உனக்கு அப்போது பத்து வயது. கோயில் திருவிழாவுக்குத் துணி எடுத்து வரச் சொல்லி உன் அம்மா நம் இருவரையும் தருமபுரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர் இருந்தது. நீல வானம், மூன்று போர் விமானங்கள், கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட நான்கு இளைஞர்கள். துணிக்கடைக்குப் போக வேண்டிய கால் தியேட்டருக்குப் போய்விட்டது. வேறு மொழிப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போனது, எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. எல்லை தாண்டி வருகிறவர்களை விரட்ட அவர்கள் கிளம்புகிறார்கள். பனி மூடிய மலைகளுக்கு மேல் போய், மேகத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வருகிறார்கள். அங்கே ஒரு நிமிடம் சத்தமே இல்லை. திரை முழுக்க வெறும் நீலம். தண்டவாளத்து ஜல்லியிலும் தாரிலும் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது என்னவோ செய்தது, மூச்சுவிடவே பயமாக இருந்தது. கடைசியில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், ஒருவன் வரவில்லை. நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நீ அழவில்லை. வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது உன் முகம் ஏதோ கணக்குப் போடுகிற முகமாக இருந்தது. “அப்பா, கட்டைய எடுத்தாரே ஒருத்தர், அவரு அப்பறம் எங்க போனாரு?” என்று கேட்டாய். எனக்கு விளங்கவில்லை. “எந்தக் கட்டைடா?” என்றேன். “பிளேன் சக்கரத்துக்கு முன்னால வெச்சிருந்த கட்டை. அத இழுத்து எடுத்துட்டு விரலக் காட்னாரே. அந்த பிளேன் திரும்பி வரல இல்ல, அவரு அங்கயே நின்னுட்டிருந்தாரா?” நான் சிரித்துவிட்டேன். “படத்துக்குப் போனா ஓட்டறவனப் பாக்கணும்டா. நீ கட்டை எடுக்கறவனப் பாத்துட்டு வந்திருக்க” என்றேன். இதைச் சொன்னவன் யார் என்று யோசித்துப் பார். பொம்மிடிப் பக்கம் ரயில் பாதையில் கீமேன் வேலை. விடியும் முன்பே சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த கிளிப்பைத் தட்டி இறுக்கி, வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, பெட்டிக்கு அடியில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்கிறவன். எத்தனையோ ஆயிரம் முகங்கள் ஜன்னலில் என்னைக் கடந்து போயிருக்கின்றன, ஒன்றுகூட என்னைப் பார்த்ததில்லை என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வேன். அப்படிப்பட்டவன் உனக்குச் சொன்ன பதில் அது. அன்று அவசரத்தில் இரண்டு சைஸ் பெரிய சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். “ரெண்டு பேரும் எங்க போயி மேஞ்சுட்டு வர்றீங்க?” என்று உன் அம்மா கேட்டது நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைவிட்டு வெளியே வரவே இல்லை, தம்பி. காலையில் பாதையோடு நடப்பேன். இடது கை பக்கம் சேர்வராயன் மலை பனியில் பாதி கரைந்து நிற்கும். மாந்தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் ஈரமாக மினுங்கும். வானத்தில் எங்கோ உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். நான் நின்றுவிடுவேன். வேலை முடிந்து வந்து மதியம் படுத்தால் ஒரே கனவு வரும். விமானத்தின் பின் இருக்கையில் நான் இருப்பேன். கீழே தொப்பூர்க் கணவாய், லாரிகள் எறும்பு ஊர்கிற மாதிரி. அப்புறம் நம் பாதை, வெயிலில் இரண்டு வெள்ளிக் கம்பிகளாக. நம் வீட்டு ஓடு, கோயில் கோபுரத்துச் சிலுவை, உன் அம்மா காயப்போட்ட துணி, எல்லாம் சின்னச் சின்னதாக, ஒரு சத்தமும் இல்லாமல் நகரும். முன் இருக்கையில் ஒருவன் ஓட்டிக்கொண்டிருப்பான். தலைக்கவசத்தின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். அது நீதான் என்று நினைத்துக்கொள்வேன். விழித்ததும் தலையணை நனைந்திருக்கும், மனசு மட்டும் லேசாக இருக்கும். ரொம்ப வருடம் கழித்து ஒரு தடவை முன்னால் இருந்தவன் திரும்பினான். அது நீ இல்லை. மீசை அரும்பின இருபது வயதில் நான் எப்படி இருந்தேனோ அந்த முகம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்காக ஆசைப்பட்டேன் என்று ஊரை நம்பவைத்தேன், என்னையும் நம்பவைத்தேன். ஆசைப்பட்டது எனக்காக.

பன்னிரண்டாவது முடித்து விமானி தேர்வுக்கு நீ மைசூருக்குப் போனாய். முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி வரும்போது நீ சோர்ந்து இருந்தாய், ஆனால் உடைந்துபோகவில்லை. உடைந்துபோனது நான்தான். நீ வேறு பரீட்சை எழுதி, விமானப்படையிலேயே வேறு வேலைக்குத் தேர்வாகி, பெட்டியைக் கட்டினாய். உன்னை ரயில் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். டீக்கடையில் மாஸ்டர் கேட்டார். “பையன் ஏர்போர்ஸுக்குப் போறானாமே, பைலட்டுங்களா?” நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அந்த ஒரு ஆட்டலுக்கு ஒரு கடையே எழுந்து எனக்கு பெஞ்சில் இடம் விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது, “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?” என்றாள். வாயால் சொல்லவே இல்லையே என்றேன். அப்படி ஒரு வக்கீல் நான்.

முதல் லீவுக்கு நீ வந்தாய். அதே கடையில் டீ குடித்தோம். மாஸ்டர் கண்ணாடி டம்ளரை உன் கையில் கொடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, “மேல இருந்து பாத்தா நம்மூரு தெரியுங்களா தம்பி?” என்று கேட்டார். நீ டம்ளரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் பார்வையை பிளாட்பாரம் பக்கம் திருப்பிக்கொண்டேன். “மேகம் இருந்தா தெரியாதுங்கண்ணா” என்றாய். பொய் என்று யாரும் சொல்ல முடியாத பதில். வீடு வரைக்கும் நீ ஒன்றும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை, அதற்கப்புறம் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. என் பிள்ளை எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தான் என்று அன்றைக்கு நான் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் மானத்தைக் காப்பாற்ற இருபது வயதுப் பையனைக் காவல் நிற்கவைத்திருக்கிறேன்.

ரெஜினாவைப் பார்க்கப் போன அன்றுதான் தலையாட்டல் போதாமல்போனது. நீ வடக்கே இருந்தாய், வீடியோ காலில் ஐந்து நிமிடம் முகம் காட்டினாய். போனை வைத்த பிறகு அவள் அப்பா என்னிடம் திரும்பி, “மாப்ள ஏர்போர்ஸ்ல என்னவா இருக்காருங்க?” என்று நேராகக் கேட்டார். விவசாயி, சுற்றி வளைக்கத் தெரியாதவர். “பைலட்டுங்க” என்றேன். உன் அம்மா பாயில் உட்கார்ந்தபடியே என் காலைக் கிள்ளினாள். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எப்படி எடுத்துச் சொல்வது? சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டதில் நிச்சயம் முடிந்தது, பத்திரிகை அடித்தாயிற்று, கோயிலில் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று.

சனிக்கிழமை நம் தெருப் பையன்கள் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் மூன்றை என் போனுக்கு அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டார்கள். நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு விமானியின் உடம்பு, கையிடுக்கில் தலைக்கவசம், பின்னால் பறக்கும் மூன்று போர் விமானங்கள், கழுத்துக்கு மேலே உன் ஹால் டிக்கெட் போட்டோ. அவன் கழுத்து எங்கே முடிகிறது, உன் கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ‘வானத்தை ஆளும் எங்கள் அண்ணன்’ என்று எழுத்து வேறு. சாயங்காலமே பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றில் பேனர் உப்பி அசைந்தபோது விமானங்கள் நிஜமாகவே கிளம்புவதுபோல் இருந்தன. நீ மட்டும் கிளம்பவில்லை. உன் கண்கள் அந்த ஹால் டிக்கெட்டில் எடுத்தபடியே, ஏதோ கேள்விக்குப் பதில் யோசிக்கிற மாதிரி என்னைப் பார்த்தன. 

மறுநாள் பூசையில் மூன்றாம் ஓலை. சாமியார் உன் பேரையும் அவள் பேரையும் வாசித்தார். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று, எந்த ஓலைக்கும் வாசிப்பதைத்தான் வாசித்தார். எத்தனை பேருடைய ஓலைக்கு அந்த வரியைக் கேட்டுக்கொண்டே நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். நேற்று அது எனக்காகவே எழுதினமாதிரி கேட்டது. கோயில் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்றை அறிந்தவன் நான் ஒருவன்தான். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, “இது கோயில் சட்டப்படி தடையான்னு என்னக் கேக்காதீங்க. அந்தப் பொண்ணக் கேளுங்க. இன்னிக்கே போங்க” என்றார். அங்கியைக் கழற்றிக்கொண்டே, “நானும் பூசை முடிஞ்சி உங்க பையன் எந்த பிளேன் ஓட்றாருன்னு கேக்கணும்னு இருந்தேன்” என்று சிரிக்காமல் சொன்னார்.

தருமபுரி போய் பஸ் மாறி, பாப்பாரப்பட்டியில் இறங்கி, அவர்கள் தோட்டம் வரைக்கும் நடந்தேன். அவள் அப்பா வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். “வாங்க சம்பந்தி, ஒரு போன்கூட இல்லாம?” என்று எழுந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்ததால் நின்றுகொண்டே சொன்னேன். “ஒரு தப்பு பண்ணிட்டேங்க. பையன் பைலட் இல்லைங்க. ஏர்போர்ஸ்ல இருக்கறது நெசம். பிளேன் ஓட்டறதில்லைங்க. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன். அவன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லைங்க.” அவர் கையிலிருந்த தக்காளியை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். “மூணு ஓலையும் படிச்சாச்சுங்களே” என்றார். பிறகு, “பைலட்டுன்னு சொல்லாட்டியும் பொண்ணு குடுத்திருப்பமுங்களே” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்குள் போனவர் நான் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

ரெஜினா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள். “நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ மாமா. எங்கப்பா ஒரு நாளும் என்ன டாக்டர்னு யாருகிட்டயும் சொன்னதில்ல.” காலிச் சொம்பைத் திண்ணையில் வைத்தேன். “மேல போறப்ப பயமா இருக்காதான்னு ஒரு தடவ அவர்கிட்டக் கேட்டேன். அதெல்லாம் போன்ல பேசக் கூடாதுன்னாரு. ஏதோ ரகசியம்போலன்னு நானும் விட்டுட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் மறச்சீங்களா?” என்றாள். “இல்லம்மா, மறச்சது நான். அவன் என்னக் காட்டிக் குடுக்காம இருந்தான், அவ்வளவுதான்” என்றேன். “அது என்கிட்ட மறச்சதுதானே மாமா?” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவள் சொன்னது சரி, தம்பி. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பனைக் காப்பாற்றுகிறேன் என்று கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் ஒளிக்காதே. என் மானம் என்னுடைய பாடு. நான் செய்த கோணலுக்கு முட்டுக்கொடுத்து உன் வீட்டைக் கட்டாதே.

நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். அவள் விடவில்லை. “சரி, பிளேன் ஓட்டறதில்ல. அப்ப என்ன வேலை செய்யறாரு?” என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “டெக்னிக்கல்மா” என்றேன். “டெக்னிக்கல்னா? காலைல போயி என்ன செய்வாரு?”   நீ பறக்கிற உயரம் எனக்குத் தெரியும், வேகம் தெரியும், மேகத்துக்குள் நுழையும்போது உன் இறக்கை எந்தப் பக்கம் சாயும் என்பதுகூடத் தெரியும், எல்லாம் நானே உண்டாக்கினது. உன் கை எதைத் தொட்டு வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆறு வருசமாச்சே மாமா, கேட்டதே இல்லையா?” என்றாள். பிறகு, “கல்யாணம் வேணாம்னு சொல்லல. வேணும்னும் இன்னிக்குச் சொல்ல முடியாது. நான் போன் பண்ணா கோவமா பேசிருவேன். அவரு பண்ணட்டும், அவரு வாயால சொல்லட்டும்” என்று சொல்லி, என்னோடு ரோடு வரைக்கும் நடந்துவந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

இன்று காலை பையன்களைக் கூப்பிட்டு பேனரை அவிழ்க்கச் சொன்னேன். “அண்ணன் வேலைய மாத்திட்டாருங்களா?” என்றான் ஒருவன். “இல்லடா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்றேன். டீக்கடையிலும் சொல்லிவிட்டேன். ஊர் என்ன பேசும் என்று நீ கவலைப்படாதே, அதை நான் தாங்கிக்கொள்வேன், எனக்கு அது வேண்டும்தான். நீ முதலில் ரெஜினாவுக்குப் போன் செய். அவள் கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல், அவசரப்படாமல், அவள் வேலையைப் பற்றியும் கேள். அது முடிந்த பிறகு, மனசு இருந்தால், எனக்குச் செய். காலையில் எத்தனை மணிக்கு எழுந்து போகிறாய், முதலில் எதைக் கையில் எடுக்கிறாய், வேலை சரியாக முடிந்தது என்று உனக்கு எப்படித் தெரியும், தப்பாகிவிடுமோ என்று எந்த இடத்தில் பயம் வரும், பக்கத்தில் நிற்கிறவன் பேர் என்ன, எல்லாவற்றையும் சொல். யாரிடமும் போய்ச் சொல்வதற்காக நான் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளையை உன் அப்பன் முதல் தடவையாகக் கேட்கிறேன். நீ என்ன வேலை செய்கிறாய், சாமி?